மார்டி ஹிமாலுக்குப் போன ஆள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுந்தரேஸ்வரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றபோது, கூடத்தில் செல்வராசாவின் கைத்தொலைபேசி அடித்தது. அவர் எப்போதும் அதை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பார். ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் பாதித் தமிழர் இவர்கள் வீட்டுச் சங்கதி அறிந்ததற்கும், இவர்கள் பாதித் தமிழரின் சங்கதி அறிந்ததற்கும் அந்தப் பழக்கமே காரணம்.

"அண்ணை, கமிட்டி முடிவெடுத்திட்டுது," என்றது ஆனந்தராசாவின் குரல். அவர் தமிழர் ஒன்றியத்தின் தலைவர். "ஆண்டு விழாவில உங்களுக்குப் பொன்னாடை போத்துறம். வாழ்த்துமடலும் வாசிக்கிறம். எங்கட ஆக்களுக்குள்ள இமயமலை ஏறின முதல் ஆள் நீங்கள்தானே."

"ஐயோ, உதெல்லாம் என்னத்துக்கு ஆனந்தராசா," என்றார் செல்வராசா. நம் ஆட்களிடையே அதற்குச் சம்மதம் என்று பொருள். ஆனந்தராசாவும் அப்படியே எடுத்துக்கொண்டு, விழா ஆறு மணிக்கு, ஐந்தரைக்கே வந்துவிடுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டார்.

சுந்தரேஸ்வரி கத்தியைப் பலகையில் வைத்தாள். விரலை வெட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் வைத்தாள். அவ்வளவு ஆத்திரம் அவளுக்கு.

ஏனென்றால் இந்த மனிதர் மலை ஏறவில்லை. ஏறியது அவள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு இருவரும் நேபாளம் போனது உண்மை. திட்டம் போட்டவர் அவர்தான். மார்டி ஹிமால் என்பது சின்னப் பயணம், ஐந்தாறு நாள், காட்டு வழியாக ஏறி ஒரு மலைமுதுகைப் பிடித்தால் நேரே அடிவார முகாம், அதுதான் பேஸ் காம்ப், 4500 மீற்றர், சின்னப்பிள்ளையும் போகும் என்று ஆறு மாதமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கினார். கடை கடையாக ஏறி இறங்கிச் சப்பாத்து, ஊன்றுகோல், நல்ல சிவப்பில் ஒரு தடித்த இறகு ஜக்கெற் என்று வாங்கிக் குவித்தார். சுந்தரேஸ்வரிக்கு மகளின் பழைய ஜக்கெற் போதும் என்று முடிவாயிற்று. அந்த முடிவை எடுத்தவரும் அவரே.

முதல் இரண்டு நாளும் காடு. பாசி தொங்கும் பெரிய மரங்களும், அவற்றுக்கிடையே சிவக்கச் சிவக்கப் பூத்துக் கிடந்த ரோடோடென்ட்ரன் மரங்களும், வேரும் கல்லுமாய் முடியாத படிகளும். செல்வராசா முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார். இரண்டாம் நாள் பாட்டு நின்றது. லோ காம்ப் என்கிற மூவாயிரம் மீற்றர் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் வாசலில் கிடந்த மர வாங்கில் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஏலாது. நாளைக்குத் திரும்புவம்."

"நான் திரும்பேல்லை," என்றாள் சுந்தரேஸ்வரி. அவளுக்கே அது புதினமாக இருந்தது. முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக ஆட்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, மூன்று மாடியும் ஏறி இறங்குகிறவள் அவள். அவளுடைய கால்கள் நோகவே இல்லை.

அவர் முகத்தை நீட்டினார். கூட வந்த நேபாளி வழிகாட்டிதான் சமாதானம் பண்ணினான்: ஐயா இங்கேயே ஓய்வெடுக்கட்டும், நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். மகளின் ஜக்கெற் மேலே உள்ள குளிருக்குத் தாங்காது என்று சொல்லி, செல்வராசாவின் சிவப்பு ஜக்கெற்றை வாங்கிக் கொடுத்தவனும் அவனே. "கிழிச்சுப்போடாதையும்," என்று சொல்லித்தான் அவர் கழற்றினார்.

அங்கிருந்து மேலே மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. மலைமுதுகு தொடங்கியது. ஹை காம்பில் தங்கி, மறுநாள் விடியக் கிளம்பி, நாலு மணித்தியாலம் ஏறினாள். ஒவ்வொரு பத்தடிக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு முறை குந்தியிருந்து சத்தி எடுத்தாள். மூன்றாம் முறை குந்தியதைப் பார்த்து வழிகாட்டி திரும்புவோமா என்று கேட்டபோது அவனோடு கோபித்துக்கொண்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும், மச்சப்புச்சரே மலை கண்ணுக்கு நேரே நின்றது. தேத்தண்ணி கேட்க ஆளில்லை, இஞ்சாரும் என்று கூப்பிட ஆளில்லை. சுந்தரேஸ்வரி சந்தோசத்தில் விம்மி விம்மி அழுதாள்.

குளிரில் அவளுடைய தொலைபேசி செத்துப்போயிருந்தது. வழிகாட்டி தன்னுடையதில் ஒரே ஒரு படம் எடுத்தான். பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் சிவப்பு ஜக்கெற், காதை மூடிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை சுற்றிய சால்வை. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்தப் படத்தை அவன் தன்னிடமிருந்த அவர்களுடைய ஒரே இலக்கத்துக்கு அனுப்பினான். அது செல்வராசாவின் இலக்கம்.

செல்வராசா அதை ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "மார்டி ஹிமால் அடிவார முகாம், 4500 மீற்றர்" என்று மட்டும் எழுதினார். கவனிக்க வேண்டும், பொய் ஒன்றும் எழுதவில்லை. "அண்ணை, சிங்கம்!" என்று முதல் ஆள் எழுதியபோது ஒரு கும்பிடு போட்டார். அதற்குப் பிறகு வந்த எண்பத்துமூன்று பேருக்கும் கும்பிடு போட்டார்.

இப்போது பொன்னாடைவரை வந்தாயிற்று.

"இஞ்சாருங்கோ," என்றாள் சுந்தரேஸ்வரி, கூடத்து வாசலில் நின்று. "ஆனந்தராசா அண்ணைக்கு இப்பவே எடுத்து, போனது நான் எண்டு சொல்லுங்கோ."

"விடுமப்பா. ஆர் போனால் என்ன? குடும்பத்துக்குத்தானே பெருமை."

"அப்ப குடும்பத்துக்கெண்டு என்னைப் போத்தச் சொல்லுங்கோ."

அவர் அதற்குச் சிரித்தார். சிரிப்பு எடுபடவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "டெலிபோனில சொன்னால் அந்தாள் சபை சந்தியெல்லாம் கதைச்சு என்னை நாறடிச்சுப்போடும். மேடையில மைக் தருவினம்தானே. அதில நானே பகிடியாச் சொல்லிவிடுறன். உம்மைக் கூப்பிட்டு முன்னால நிப்பாட்டுறன். சத்தியமா."

முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு அந்தச் சத்தியத்தின் தரம் தெரியாதா? தெரியும். ஆனாலும் நம்பினாள். மனிதருக்குத் தானாகச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

விழா பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நடந்தது. ஐந்தரைக்கே வந்த சுந்தரேஸ்வரி, ஒவ்வொரு வருடமும் போல நேரே குசினிக்குள் போய் வடைக்கு நின்றாள். பக்கத்தில் உழுந்து மாவைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்த பிரபாலினி, "அக்கா, அண்ணைக்கு அங்க மலையில சாப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள்? நீங்கள்தான் சமைச்சுக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள். கேட்டதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதுதான் சுந்தரேஸ்வரிக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது.

"பொறும்," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரத்தில அவரே சொல்லுவார்."

நடனம், பேச்சு, பரிசளிப்பு எல்லாம் முடிந்து ஆனந்தராசா மைக்கைப் பிடித்தார். வாழ்த்துமடல் வாசித்தார். அது கண்ணாடிச் சட்டம் போட்டது. இமயம் தொட்ட ஏந்தல், பனிமலை வென்ற பண்பாளன் என்று அரைப் பக்கத்துக்கு ஓடியது. செல்வராசா தலையைக் குனிந்துகொண்டு, அடக்கமாக, ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டார். பொன்னாடை போர்த்தினார்கள். "அண்ணையின்ர துணைவியாரையும் மேடைக்கு அழைக்கிறம்," என்றார் ஆனந்தராசா. விரலில் ஒட்டிய வடைமாவைக் கழுவிவிட்டு வந்து ஏறியவளின் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்து, ஓரமாக நிற்கவைத்தார்கள்.

மைக் செல்வராசாவிடம் வந்தது. சுந்தரேஸ்வரி அவர் தன்னைக் கூப்பிடுவதற்குக் காத்து நின்றாள்.

"அன்பான உறவுகளே," என்று தொடங்கி அவர் மண்டபத்தைப் பார்த்தார். முந்நூறு முகம். எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "என்னத்தைச் சொல்ல... மேல போகப் போக மரமே இல்லை. ரெண்டு பக்கமும் பள்ளம். முகில் எங்கட காலுக்குக் கீழ போகுது. ஒவ்வொரு பத்தடிக்கும் மூச்சு வாங்குது. திரும்புவமோ எண்டு கேட்டவனோட நான் கோவிச்சுப்போட்டன்."

அது அவளுடைய கதை. லோ காம்புக்கு இறங்கி வந்த அன்று, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்தும் அழுதும் அவள் அவருக்குச் சொன்னது. வரிக்கு வரி அப்படியே எடுத்து விட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் அவர் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் குற்றம். இப்போது வாயையும் திறந்துவிட்டார். மண்டபம் கைதட்டியது. சுந்தரேஸ்வரிக்குக் காதெல்லாம் சுட்டது.

அவள் போய் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் மன்னிக்கவேணும். இவர் பேஸ் காம்புக்குப் போகேல்லை. பாதி வழியில முழங்கால் நோகுதெண்டு இருந்திட்டார். மேல போனது நான். படத்தில நிக்கிறதும் நான்."

மண்டபம் முழுக்க வெடித்துச் சிரித்தது.

"அக்கா பகிடி விடுறா!" என்றார் ஆனந்தராசா மற்ற மைக்கில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்ணை எங்க ஏறினாலும் இறங்கி வந்து சேருற பேஸ் காம்ப் அக்காதானே!" இன்னும் பெரிய சிரிப்பு. செல்வராசாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளுடைய தோளில் தட்டினார்.

அந்தத் தட்டில் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. முப்பது வருடத்தில் அந்த மனிதர் மீது இப்படி ஒரு வெறுப்பு அவளுக்கு வந்ததே இல்லை. அழப்போகிறோம் என்று பயந்தாள். அழவில்லை. மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

"சரி. அப்ப இன்னுமொரு சங்கதி. வாற ஒக்டோபரில திரும்பவும் அங்க போறம். உங்கட அண்ணைதான் முன்னுக்கு நடந்து கூட்டிக்கொண்டு போறார். போன வழிதானே, எல்லாம் தெரியும். ஆர் ஆர் வாறியள், கையை உயர்த்துங்கோ!"

கைகள் எழும்பின. பத்து, இருபது. ஆனந்தராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஒன்றியத்தின்ர பேரிலயே போவம்! பானர் அடிச்சுக்கொண்டு போய் மேல பிடிப்பம்!" என்று கத்தி, நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில் அங்கேயே பெயர் எழுதத் தொடங்கிவிட்டார். செல்வராசாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது.

"இஞ்சாரும், என்ன இது," என்று பல்லுக்குள் கேட்டார்.

"நீங்கள் சொன்ன பாதைதான்," என்றாள் அவள். "ரெண்டு பக்கமும் பள்ளம்."

"பொறுங்கோ, பொறுங்கோ," என்றார் அவர் சபையைப் பார்த்து. "ஒக்டோபரில எனக்கு வேலையில ஊர்லாப் லீவு கிடைக்குமோ தெரியாது."

"நவம்பரிலயும் போகலாமாம் அண்ணை!" என்று ஒருவர் கத்தினார்.

குசினி வாசலில் நின்ற பிரபாலினி மேடைக்குக் கிட்ட ஓடி வந்தாள். "அண்ணை, எங்கட சஜிதாவும் கையை உயர்த்துறாள். பதினாறு வயது. வேற ஆரோடயும் எண்டால் விடமாட்டன். உங்களை நம்பித்தான் விடுறன், என்ன?"

செல்வராசா அந்தப் பிள்ளையைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். புகழ் என்றால் பல்லிளிக்கிறவர், அவ்வளவுதான். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக் கையில் தருவதும், தான் காணாத பள்ளமும் சேர்ந்து அவரை உலுக்கியிருக்க வேண்டும்.

"என்னை நம்பி விடாதேங்கோ தங்கச்சி," என்றார். மைக் இல்லாமலே முன்வரிசைக்குக் கேட்டது. "அவ சொன்னது உண்மை. நான் அந்தப் பாதையில காலே வைக்கேல்லை. லோ காம்பில படுத்திருந்தனான். நான் இப்ப சொன்னதெல்லாம் அவ எனக்குச் சொன்னது."

முன்வரிசை பின்வரிசைக்குச் சொல்லி, பின்வரிசை குசினிக்குச் சொல்லி, மண்டபம் சலசலத்து, அடங்கியது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. செல்வராசா பொன்னாடையை உருவி அவளுக்குப் போர்த்த வந்தார். "அங்கால போங்கோ," என்றாள். அவர் போனார்.

மலையில் மேலே நின்றபோது சுந்தரேஸ்வரிக்கு இருந்த அந்தச் சந்தோசம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதுபோல இருந்தது. முந்நூறு முகமும் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆனந்தராசா தொண்டையைச் செருமினார். எந்தச் சபையையும் சமாளிக்கத் தெரிந்த மனிதர். "உறவுகளே, ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு. பெரியமனசு பண்ணி மன்னியுங்கோ. இமயம் தொட்ட எங்கட வீராங்கனை, இந்த ஒன்றியத்தின்ர பெருமை, எங்கட அன்புக்குரிய அக்கா..."

அங்கே நின்றுவிட்டார். வாழ்த்துமடலைப் பார்த்தார். செல்வராசாவைப் பார்த்தார். பிறகு மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உங்கட பேர் என்ன?"

பத்தொன்பது ஆண்டு விழா. பத்தொன்பது விழாவிலும் அவள் சுட்ட வடையைச் சாப்பிட்ட வாய் அது. அந்தச் சந்தோசம் வந்த வழியே போய்விட்டது. செல்வராசாவில் வந்த கோபமெல்லாம் சின்னக் கோபம் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

"கையை எடுங்கோ அண்ணை," என்றாள் சுந்தரேஸ்வரி. "மைக்கில கேளுங்கோ. எல்லாருக்கும் கேக்கத்தக்கதாக் கேளுங்கோ."