பதினொன்று நாற்பது

விசைப்பலகையில் வைத்த விரல் ஒட்டிக்கொண்டது. அவள் கையை எடுத்து நுனியை முகர்ந்து பார்த்தாள். பழைய டீயும் சர்க்கரையும். எழுத்துகளுக்கு நடுவே பிஸ்கட் தூளும் முடியும் அடைந்து கிடந்தன. மேசை ஓரத்துக் கோப்பையில் ஏடு படிந்து, அதன் மேல் பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தது. கோப்பைக்குப் பக்கத்தில் வெட்டிய நகங்கள். ஒரு ஸ்கேன் சென்டரின் சர்வர் அறை இது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த அறையைக் கட்டி ஆள்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. முப்பத்து நாலு வயது, ஒரு பெண் குழந்தைக்கு அப்பா, வீட்டில் இன்னும் பெயர் என்னவோ குட்டிதான்.

"இதக் கொஞ்சம் துடைக்கக் கூடாதா குட்டி?"

"அது அந்தம்மா வேலை. இப்ப உள்ள விடாதீங்கன்னு நான்தான் சொல்லியிருக்கேன்."

பேனா மூடியைக் காதுக்குள் விட்டுச் சுழற்றிக்கொண்டே பேசினான். வெளியே எடுத்து நுனியைப் பார்த்துவிட்டு, பேன்ட்டில் தேய்த்துக்கொண்டான். அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அந்தம்மா என்றால் சாவிக்காரம்மா. கூட்டித் துடைக்கிற வேலை. பதினோரு வருடமாக எல்லா அறைச் சாவிகளும் இடுப்பில் தொங்கியதால் அந்தப் பெயர். இன்று இடுப்பு வெறுமையாக இருந்தது. வரும்போதே இவள் பார்த்தாள், தாழ்வாரத்துப் பெஞ்சின் நுனியில் அந்தம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பிரின்டர். நேற்று மதியம் ஒன்றரைக்கு, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தரை தேய்க்கிற மெஷினுக்காகச் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாளாம். மறுபடி போட்டபோது சர்வரில் இரண்டு வால்யூம்களைக் காணோமாம். ஐந்து வருடத்து ஸ்கேன் படங்கள் அவற்றில்தான் இருந்தன. தம்பி போனில் இப்படித்தான் சொன்னான், மேலாளரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறான். மூன்று மணிக்கு மேலாளர் வந்து, அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்துகிற தாளில் கையெழுத்துப் போடுவார்.

தொலைந்த தகவலைத் தோண்டி எடுப்பதுதான் அவளுக்குத் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறாள். போனில் கேட்டபோதே எங்கோ இடித்தது. கரன்ட் போனால் டிஸ்க் கெடும், கோப்புகள் சிதையும், சர்வர் எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இரண்டு வால்யூம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் பெயர்கூட மிஞ்சாமல் போகாது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தாள். தம்பி என்றால் அவளுக்குக் கேள்வி பிறகுதான் வரும்.

லினக்ஸ் சர்வரில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய கூடமாக்கி, பிறகு கோடு போட்டு அறைகளாகப் பிரித்துக்கொள்வார்கள். அந்த அறைதான் வால்யூம். சுவர் கிடையாது, கோடு மட்டும்தான். கோட்டை அழித்தால் அறை இல்லை, ஆனால் சாமான் வைத்த இடத்திலேயே இருக்கும். யாரும் மேலே எதையும் கொட்டாத வரை பயமில்லை, பழைய கோடு எங்கே போனது என்று தெரிந்தால் போதும். அதற்கும் வழி உண்டு. கோட்டை மாற்றச் சொல்லி யார் கட்டளை கொடுத்தாலும், மாற்றுவதற்கு முன்னால் இருந்த கணக்கை சர்வர் தானாகவே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடும். என்ன கட்டளைக்கு முன்னால் எழுதினேன், எத்தனை மணிக்கு எழுதினேன் என்பதையும் தலைப்பிலேயே போட்டுவிடும். தம்பிக்கு அது தெரியாது. தெரிந்துகொள்கிற பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். முதல் வரியிலேயே இருந்தது. வால்யூமை நீக்கு என்ற கட்டளைக்கு முன்பு எழுதப்பட்டது. நேற்று, காலை பதினொன்று நாற்பது.

இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு கோப்பு, இரண்டாவது வால்யூமுக்கு. சர்வரின் பதிவேட்டைப் பார்த்தாள். கரன்ட் போனது பன்னிரண்டு ஐந்துக்கு. தம்பியின் கணக்குப்படியே சாவிக்காரம்மா அறைக்குள் வந்தது ஒன்றரைக்குத்தான்.

"டெஸ்ட் மெஷினும் இதுவும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வச்சிருந்தியா?"

அவன் பேனா மூடியை மேசையில் வைத்தான். சோதித்துப் பார்க்கிற மெஷினிலும் நிஜ சர்வரிலும் வால்யூம்களுக்கு ஒரே பெயர் வைத்திருந்தான், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் காப்பி அடித்ததால். சோதனை மெஷினில் அழிக்க வேண்டியதை நிஜத்தில் அழித்திருக்கிறான். தப்பு யாருக்கும் வரும், அவளே செய்திருக்கிறாள். ஆனால் வால்யூம் பயன்பாட்டில் இருக்கிறது, நீக்க முடியாது என்று சர்வர் ஒரு தடவை மறுத்திருக்கும். அப்போதும் எந்த மெஷின் என்று பார்க்காமல், முதலில் அதை விடுவித்துவிட்டு மறுபடி நீக்கச் சொல்லியிருக்கிறான். நிஜமாகவா என்று கேட்கும், கேட்பதற்கு முன்பே கட்டளையோடு ஆமாம் என்பதையும் ஒட்டி அனுப்பியிருக்கிறான்.

"சரி, அழிச்சிட்ட. பிளக்க எதுக்குப் புடுங்கின?"

"அக்கா, மெதுவா."

"எதுக்குப் புடுங்கின?"

"பதறிடுச்சுக்கா. என்ன செய்யறதுன்னு தெரியல. அந்தம்மா வயசாச்சு, எப்படியும் ரெண்டு வருஷத்துல நின்னுடும். எனக்குப் போச்சுன்னா நான் பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவேன்? நீதானே இந்த வேலைய வாங்கிக் குடுத்த. உன் பேரும்தானே கெடும்?"

அருவருப்பாக இருந்தது. பூசணம், நகம், காதில் விட்ட பேனா மூடி எல்லாவற்றையும் விட அந்தக் கணக்குதான் குமட்டியது. பதற்றத்தில் பிடுங்கினேன் என்பவன், ஒரு கிழவியின் மீதி வருடங்களைப் பதறாமல் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு நாள் ஞாபகம் வந்தது. பீரோக் கண்ணாடியைப் பந்தால் உடைத்தவன் குட்டி. மாடி வீட்டுப் பையன்தான் உடைத்தான் என்றான். நீ பாத்தியா என்று அம்மா அவளைக் கேட்டாள். பாத்தேன் என்றாள். அந்தப் பையன் அவன் அப்பாவிடம் அடி வாங்குகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. அன்றைக்குக் குட்டி அவள் மடியில் தலை வைத்துத் தூங்கினான். அதை அன்பு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள், சீ.

வேலை அதிக நேரம் எடுக்கவில்லை. முதல் கோப்பில் இருந்த கணக்கைச் சர்வருக்குத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு வால்யூம்களும் பெயரோடு வந்து நின்றன. எதையும் எழுதாமல் முதலில் சோதித்துப் பார்த்தாள், பிறகு திறந்தாள். யாரோ ஒருவருடைய முதுகெலும்பு திரையில் வெள்ளையாக, முழுசாக வந்தது. தம்பி நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். அந்த மூச்சில் வெங்காய வாடை அடித்தது.

எந்தக் கோப்பிலிருந்து மீட்கிறாளோ அதன் நகல் ஒன்றைத் தன் பென் டிரைவில் எடுத்துக்கொள்வாள், முதல் பக்கத்தைத் தாளிலும் அடித்து அறிக்கையோடு வைப்பாள். எல்லா வேலையிலும் இது வழக்கம். இன்றும் கை தானாகச் செய்தது. தாழ்வாரத்துப் பிரின்டரில் தாள் இல்லை என்று திரையில் ஒரு குறிப்பு வந்து போனது. தம்பி முதுகெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கை கழுவப் போனாள். பெஞ்சிலிருந்து சாவிக்காரம்மா எழுந்து நின்றாள்.

"படமெல்லாம் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு."

"நல்லவேளை. நோயாளிங்க பாவம்." கொஞ்சம் தயங்கினாள். "நான் அந்த பிளக்கத் தொடவே இல்லம்மா. தேய்க்கிற மெஷின வெளிய இருக்கற பிளக்குலதான் எப்பவும் போடுவேன். தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் மறதியோ என்னவோ. உள்ள சோப்பு கரைஞ்சு போயிருக்கும், புதுசு எடுத்து வச்சிருக்கேன் பாருங்க."

மூன்று தடவை கழுவியும் விரலில் பிசுக்கு போகவில்லை.

திரும்பி வந்தபோது தம்பி அவள் நாற்காலியில் இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, கண்ணைச் சிமிட்டினான். "எல்லாம் கிளீன் பண்ணிட்டேன்க்கா." பார்த்தாள். அந்தக் கோப்புகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பதிவேடும் வெறுமை. சர்வரில் செருகியிருந்த அவளுடைய பென் டிரைவைத் திறந்தாள். அதிலும் நகலைக் காணோம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு வேலையை முழுசாக முடித்திருந்தான்.

மேலாளர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கையில் இரண்டு தாள்கள். ஒன்று அவளுடைய அறிக்கைப் படிவம், இன்னொன்று எது என்று கேட்கத் தேவையில்லை. திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"காப்பாத்திட்டீங்க மேடம். காரணம்ங்கற எடத்துல என்ன எழுதலாம்?"

"பிளக்கப் புடுங்கினதுதான் சார்," என்றான் தம்பி. "அக்கா செக் பண்ணிட்டாங்க."

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

தம்பி அவளைப் பார்த்தான். அதே பார்வை, பீரோவுக்கு முன்னால் நின்ற அதே பார்வை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகியும் ஒரு நூல் மாறவில்லை. அவள் வாயைத் திறந்தாள். பாத்தேன் என்ற சொல் அங்கே தயாராக இருந்தது, பழகிய இடத்தில், வெளியே வருவதற்கு.

வெளியே பிரின்டர் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள் சாவிக்காரம்மா. கூப்பிடும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பெஞ்சைத் துடைத்திருக்கிறாள் போல, கை ஈரமாக இருந்தது.

"சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சு சார். தாளு போட்டேன், இது வந்துச்சு. யாரோடதுங்க?"

தாளை நனையாமல் இருக்க ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள். அப்படியும் மேல் மூலையில் கட்டைவிரல் ஈரம் பதிந்து, முதல் வரியை நோக்கி மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. தம்பி சட்டென்று கையை நீட்டினான். "குடும்மா, அது என்னுது."

"இல்ல," என்றாள் அவள். "என்னுது."

நடந்து போய் வாங்கிக்கொண்டாள். அக்கா என்றான் தம்பி, மெல்லிய குரலில், குழந்தை மாதிரி. மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன அது என்று கேட்டு உள்ளங்கையை விரித்தார். அவள் தாளை மடிக்கவில்லை. எழுத்து வெளிப்பக்கம் தெரிய நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். ஈரம் பதினொன்று நாற்பதைத் தொட இன்னும் ஒரு விரல்கடை இருந்தது.