சீனிக்கு மாற்றிய கரு

சிட்னியின் மேற்குப் பக்கத்திலிருந்த கருத்தரிப்பு நிலையம் ஒன்றில், கண்ணாடித் தட்டுகளில் வளரும் கருக்களைப் பார்த்துக்கொள்வது மயூராவின் வேலை. அன்று காலை நுண்ணோக்கியில் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. இரஞ்சிதத்தின் கரு வளராமல் நின்றுபோயிருந்தது.

இரஞ்சிதம் செவன் ஹில்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமைப்பவள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்கும் கணவன் வரதராஜாவுக்கும் இதுதான் கடைசி முயற்சி. தேறியதும் ஒரே கரு. அது உருவான செய்தியைக் கேட்க வந்த அன்று, தமிழில் பேச ஆள் கிடைத்த ஆறுதலில் மயூராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறியள், தங்கச்சி?"

யாரும் அப்படிக் கேட்டதில்லை. தொடக்கத்தில் கருவுக்குச் சர்க்கரையை அப்படியே எடுத்துப் பயன்படுத்த வராது, சர்க்கரை உடைந்து உண்டாகும் பைருவேட் என்ற சின்னப் பொருளை வைத்துத்தான் பிழைக்கும் என்று மயூரா விளக்கினாள். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பிறகே சர்க்கரையை இழுக்கத் தொடங்கும். எரிக்க மட்டுமல்ல, உடம்பைக் கட்டவும் அதுதான் வேண்டும். அப்போது சர்க்கரை கூடிய திரவத்துக்கு மாற்றுவார்கள். பச்சைப் பிள்ளைக்குப் பால் கரைக்கும் அளவைக் கேட்டுக்கொள்பவள் போல இரஞ்சிதம் தலையாட்டினாள். மாற்றும்போது தனக்குச் சொல்லவேண்டும் என்றாள்.

மாற்றிய அன்று மயூரா சொன்னாள். அன்று வேலையிடத்தில் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாளாம் இரஞ்சிதம். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லையாம்.

கரு நின்றுபோனால் அந்தச் செய்தியைத் தாதிதான் அழைத்துச் சொல்வது வழக்கம். இன்று மயூரா தானே இரஞ்சிதத்தின் வீட்டுக்கு அழைத்தாள். நடுவே நீர் கோத்து விரியவேண்டிய கரு விரியவில்லை, செல்கள் கலைகின்றன, இனி வைத்திருந்து பயனில்லை என்றாள். இரஞ்சிதத்தின் பிழை எதுவும் இல்லை என்பதை இரண்டு தரம் சொன்னாள். இரஞ்சிதம் ஒன்றைத்தான் கேட்டாள்.

"சீனியை எடுத்ததோ, தங்கச்சி?"

அந்த ஆய்வுகூடத்தில் அதை அளக்க வழியில்லை. சில கருக்கள் சர்க்கரையை எடுத்த பிறகும் வளராமல் நிற்கும். சில, எடுக்கவே வராமல் நின்றுவிடும். இது எந்த வகை என்று மயூராவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுதான் முறை.

"ஓம் அக்கா. எடுத்தது."

"அப்ப பசியோட போகேல்லை."

அதையே அவள் வரதராஜாவிடம் திருப்பிச் சொல்வது கேட்டது. யாரோ கதிரையை இழுத்தார்கள். இரஞ்சிதம் தொலைபேசியை வைக்க மறந்திருக்கவேண்டும். குசினிக் குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியது, பாத்திரம் எதுவும் படாமல், வெறும் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.