ஸபியாவின் அச்சாறும் ரப்பர் ஸ்டோர் அசிட்டும்

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அச்சாறு தின்று பல் கூசிய நேரத்தில்தான் இந்தக் கதை தோன்றியது. '1974ஆம் ஆண்டு, தெஹியோவிட்ட மலைகளில் பனி மெல்ல...' என்று ஆரம்பித்தேன். அச்சாறுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

2.
தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில் ஸபியா அச்சாறு விற்றாள். புருஷன் போனபின் அந்தச் சட்டிதான் அவளுக்குச் சோறு போட்டது. (எங்கே போனான் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.) ஒருநாள் தோட்டத்து இருளப்பன் அவள் காய் ஊறப்போடும் வினாகிரிப் போத்தலை எடுத்து லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தார். பதினொரு வருடமாக ரப்பர் ஸ்டோரில் மரத்துப் பாலை உறையவைத்து ஷீட் போடுகிறவர். முகம் வெளுத்துவிட்டது.

"அசற்றிக் அமிலமா? ஐயையோ! இதத்தானே நாங்க ரப்பர் பாலுல ஊத்துறோம்! பால் டீ குடிச்ச வயித்துல இது போனா ஷீட்டாயிருமேக்கா!"

கூட்டம் கலைந்தது. நாலு நாள் சட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸபியாவுக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

3.
(இங்கே ஒரு விஞ்ஞானி வேண்டும். தெஹியோவிட்டவுக்கு விஞ்ஞானி எதற்கு வருகிறார்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நடராஜாவை இழுத்து வருகிறேன்.)

"பயப்படாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் அவர். "ஆனா வினாகிரில நூத்துக்கு நாலஞ்சு பங்குதான் அமிலம், மிச்சம் தண்ணி. சாப்பாட்டுக்குன்னே சுத்தமாச் செஞ்சது, அச்சாறு கெடாம இருக்கும். ஸ்டோர்ல இருக்கிறது கெட்டி அசிட்டு, தொண்டையை வேகவச்சிரும்..."

சனம் முதல் வாக்கியத்தோடு சட்டிக்குத் திரும்பிவிட்டது. மிச்சத்தைக் கேட்க யாருக்குப் பொறுமை?

4.
வியாபாரம் சூடுபிடித்த நேரம் பார்த்துக் கடைத்தெருவில் வினாகிரி தட்டுப்பாடு. வெட்டிவைத்த பப்பாசிக்காய் வாடிக்கொண்டிருந்தது. இருளப்பன் சிரித்த முகத்தோடு ஒரு போத்தலைக் கொண்டுவந்தார்.

"என் வாயாலதானே உங்களுக்கு நட்டம். ரெண்டும் ஒண்ணுன்னு ஐயாவே சொல்லிட்டாரு. இந்தாங்க, ஸ்டோர் அசிட்டு. தண்ணி கலந்திருக்கேன்."

"எவ்வளவு தண்ணி அண்ணே?"

"எல்லாம் ஒரு கைக்கணக்குதாங்க."

ஸபியா முகர்ந்தாள். கண் கலங்கியது. (நன்றிக் கண்ணீர் என்று முதலில் எழுதினேன். இல்லை, நெடி.) ஒரு கிண்ணத்தில் பப்பாசித் துண்டுகளைப் போட்டு, அதை ஊற்றி நீட்டினாள்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க அண்ணே."

"நானா? இன்னைக்கு எனக்கு வெள்ளிக்கிழமை விரதம்ங்களே!"

5.
அன்று என்ன கிழமை என்று நான் எங்கும் எழுதவில்லை. (மேலே போய்த் தேடாதீர்கள்.) வெள்ளி என்றால் ஸபியா நம்பிச் சட்டியில் ஊற்றிவிடுவாள். வேறு கிழமை என்றால் போத்தல் வந்த கைக்கே திரும்பும். கிழமையை நீங்களே போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ஐயா: பள்ளிக்கூடம் விட்டாயிற்று, பிள்ளைகள் சட்டியைச் சுற்றிக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.