யாரும் கேட்காத பாட்டு

செல்வப்பிரியாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அவள் ஆபரேட்டராக இருக்கும் மூணாற்று லோக்கல் சேனலில் தினமும் விடிந்ததும் ஒலிக்கும் ஜெபப்பாட்டு இன்று ஒலிக்கவில்லை. சர்வரில் அந்தப் பாட்டே இல்லை. நேற்றுக் காலைகூட ஓடியது, அவளே கேட்டாள்.

பாடியவன் ஜின்சன். போன வருடம் ஜீப் கவிழ்ந்து செத்துப்போனான். போனும் அவனோடு நொறுங்கியது. அவன் குரல் என்று மிஞ்சியது அந்த ஒரு ஃபைல்தான். அவன் அம்மா செபமாலையம்மாள் அதைக் கேட்டுவிட்டுத்தான் தேயிலைக் கொழுந்து கிள்ளக் கிளம்புவார்.

சர்வரை அமைத்துக் கொடுத்த பாண்டீஸ்வரனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, ஜின்சன் பாட்டக் காணோம். நான் எதையும் அழிக்கல."

"மாசாமாசம் தானா கிளீன் பண்ணுற புரோகிராம் போட்டிருக்கேன்லா. கடைசியாத் தொறந்த நேரத்தப் பாத்து, மாசம் பூரா யாரும் தொறக்காத ஃபைலத்தான் அது அழிக்கும்."

"தெனமும் ஓடுன பாட்டுண்ணே!"

"நீ மவுண்ட் ஆப்ஷன்ல, அதான் டிஸ்க் செட்டிங்ல, கைய வச்சியா?"

வைத்திருந்தாள். இரண்டு மாதம் முன்பு மாதா கோயில் திருவிழாவை நேரலை செய்தபோது சர்வர் திக்கித் திணறியது. இணையத்தில் தேடினால் ஏடைம், ரிலேடைம், நோஏடைம் என்று ஆளுக்கொரு பேச்சு. ஃபைலைத் திறந்த நேரத்தை ஒவ்வொரு தடவையும் எழுதுவது ஒன்று, நாளுக்கு ஒருமுறையாவது எழுதுவது ஒன்று, எழுதவே எழுதாதது ஒன்று. எழுதாவிட்டால் வேகம் என்றார்கள். வேண்டாத வேலைதானே என்று கடைசியதைப் போட்டாள். வேகம் வந்தது, முதலாளிகூடப் பாராட்டினார். கூறுகெட்ட பாராட்டு. அன்றிலிருந்து எத்தனை முறை ஒலித்தாலும், சர்வருக்கு அது யாரும் தொடாத பாட்டு. போன வாரம் ஏற்றிய நகைக்கடை விளம்பரம் மட்டும், தேதி புதுசு என்பதால், குத்துக்கல்லாட்டம் இருந்தது.

வேறு நகல் இல்லை. நேற்று மத்தியானம் புரோகிராம் அழித்துக் காலியான இடத்தில், அழிந்ததை மீட்கவும் வழியில்லாதபடி, சாயங்காலமே கல்யாண வீடியோக்களை ஏற்றி நிரப்பியிருந்தாள். பாண்டீஸ்வரன் தன் ஊரிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து தேடிப் பார்த்துவிட்டு, "இனிப் பிரயோசனமில்ல, பிரியா" என்றார்.

போனை வைக்கும்போது வாசலில் செபமாலையம்மாள் நின்றிருந்தார். வேலைக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார்.

"என்ன தாயி, இன்னைக்கிப் பாட்டு வரலையே?"

கரண்ட் இல்லை என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. அழுகையோடு சொன்னாள்: "அழிஞ்சு போச்சு சித்தி. யாருமே கேக்கலன்னு நெனச்சு மெசினு அழிச்சிருச்சு. என் தப்புதான்."

செபமாலையம்மாள் அந்தக் கம்ப்யூட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் தெனமும் கேட்டேனே தாயி," என்றார். "கேட்டேன்னு வந்து சொல்லணும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."