புத்தகத்துக்கு மேல்பிடி

அலமாரி காலியாகக் கிடந்தது. பள்ளிக்கூட நூலகத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது என்றுதான் சண்முகசுந்தரி டீச்சர் முதல் மாதம் முழுக்க நினைத்திருந்தாள். புத்தகமெல்லாம் பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறது என்றால் வேறென்ன வேண்டும்? இரண்டாவது மாதம் லேசாக உறுத்தியது. தை பிறந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. எடுத்துப் போன புத்தகங்களில் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்திருந்தது. அதுவும் மறுநாளே வேறொரு பிள்ளையோடு போய்விட்டது. போனது போனதுதான்.

மந்தைக்காடு கொடைக்கானலுக்கு மேற்கே மேல்மலையில் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற சின்ன ஊர். அறுபத்தொன்றாம் வருஷத்தில் அங்கே ஜீப் வராது. பாதி வழியில் பாதை முடிந்துவிடும், அதற்கப்புறம் மட்டக்குதிரைதான். தீபாவளி கழிந்த வாரத்தில் புத்தகப் பெட்டியும் குதிரை முதுகில்தான் வந்தது, ஒரு பக்கம் பெட்டி, எடை சரிக்கட்ட மறுபக்கம் உப்பு மூட்டை. கல்வி இலாகா சோதனையாகக் கொடுத்த பெட்டி. பிள்ளைகள் படித்தால் பள்ளிக்கே சொந்தம். இல்லையென்றால் அடிவாரத்துப் பள்ளி எதற்காவது போய்விடும்.

பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்தவள் சண்முகசுந்தரி. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும் அவளுக்கு. அதனால் தானாகவே ஒரு ஏற்பாடு செய்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு அட்டைத்துண்டில் எழுதினாள். புத்தகம் எடுக்கிற பிள்ளை, அது இருந்த இடத்தில் தன் அட்டையைச் செருகிவிட்டுப் போக வேண்டும். திருப்பி வைக்கும்போது அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டை கையில் இருந்தால்தான் அடுத்த புத்தகம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற ஏற்பாடு. அதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் இப்போது அலமாரியில் அட்டைகள் மட்டும்தான் நின்றன.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் தலைமையாசிரியர் சேனாதிபதி. அலமாரிக்கென்று அவர் சொந்தமாக வாங்கி வந்த பூட்டு, உபயோகமில்லாமல் அவர் சட்டைப்பையில் கனத்துக்கொண்டிருந்தது. "பூட்டி வச்சிருந்தா புத்தகம் பத்திரமா இருந்திருக்கும். திங்கக்கிழமை கல்வி இலாகா டெபுடி இன்ஸ்பெக்டர் வர்றார். எங்கேம்மா புத்தகம்னு கேட்டா, இந்த அட்டையவா காட்டுவீங்க?"

"பூட்டி வச்ச புத்தகத்த யார் சார் படிப்பா?"

"இப்ப மட்டும் யார் படிக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் அவளைக் குடைந்தது. பிள்ளைகளைக் கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். நாலாம் வகுப்புக் கண்மணி மட்டும், "அம்மா எப்பக் குடுத்து விடுதோ அப்பக் கொண்டாந்துருவேன் டீச்சர்," என்றாள். சண்முகசுந்தரி நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கண்மணியின் வீட்டுக்கே நடந்துவிட்டாள்.

கண்மணியின் அம்மா காளியாயி அடுப்பில் பால் விடாத வரக்காப்பி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர் வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண் இருக்கும். பூண்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டி அதில் தொங்கவிடுவார்கள். அடுப்புப் புகை மெல்ல மெல்ல ஏறி மேல்தோலை உலர்த்தும். பூஞ்சை அண்டாது, புழு வராது, மறுபோகம் வரை விதை முளைவிடாமல் கிடக்கும். அந்தப் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே, பழைய சேலைத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் தெரிந்தது.

"அது என்னக்கா?"

"உங்க பொஸ்தகந்தான் டீச்சரம்மா. பனியில நமுத்துப் போயிரும்ல? அதான் வெதையோட சேத்து வச்சிட்டேன். தெனமும் இவ எடுத்துப் படிச்சிட்டு மறுபடி மேல வச்சிருவா."

"தினமுமா? முடிக்கவே இல்லையா?"

"முடிக்கிறதா! ஏண்டி, டீச்சருக்குச் சொல்லு."

கண்மணி சொன்னாள். ரயில் எஞ்சினைப் பற்றிய புத்தகம் அது. ரயிலைக் கண்ணால் கண்டதில்லை அவள். ஆனாலும் கொதிக்கிற காப்பிச் சட்டியின் மூடியைக் காட்டி, "இத ஆவி தூக்குதுல்ல டீச்சர்? இதே ஆவிய நாலு பக்கமும் அடச்சிட்டு ஒரே ஒரு வழி விட்டா, அந்த வழியா ஒரு தண்ட முன்னால தள்ளும். அப்புறம் அடுத்த பக்கமா வந்து பின்னால தள்ளும். தண்டு சக்கரத்துல ஓரமா மாட்டியிருக்கு. நடுவுல மாட்டுனா சுத்தாது, ஓரமா மாட்டுனாத்தான் சுத்தும்," என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று மாதமாக ஒரே புத்தகம். அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம்.

சண்முகசுந்தரிக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இவ்வளவு படிச்ச பிள்ளைக்கு அடுத்த புத்தகம் வேணும்ல அக்கா? ஏன் திருப்பி அனுப்பல?"

காளியாயி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வெறுங்கையா எப்படிங்க அனுப்புறது? பூண்டு எடுக்கப் பங்குனி ஆயிரும். மேல தொங்குறது வெத, அதுல கைவைக்க முடியாது. இப்ப மேல்பிடி வைக்க எங்கிட்ட என்ன கெடக்கு?"

மேல்பிடி என்பது அந்த ஊர் வழக்கம். ஒரு வீட்டில் விதைப்பூண்டு கைமாற்றாக வாங்கினால், அறுவடை முடிந்து திருப்பித் தரும்போது வாங்கிய அளவுக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போட வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள், போடாமலும் இருக்க மாட்டார்கள். போடாதவர்களுக்கு மறு வருஷம் விதை கிடைக்காது.

"புத்தகத்துக்குப் போய் மேல்பிடியா? நான் எப்பக் கேட்டேன்?"

"கேக்கலதான். ஆனா ஆண்டிச்சாமி வீட்டுல மொதப் பொஸ்தகம் திருப்பிக் குடுத்தப்ப ஒரு படி பூண்டு வச்சுக் குடுத்தாங்களாம்ல? நீங்களும் மொகமெல்லாம் சிரிப்பா வாங்கிக்கிட்டீங்களாம்ல?"

சண்முகசுந்தரிக்குச் சுரீரென்றது. ஆமாம், வாங்கினாள். ஊரிலேயே வசதியான வீடு ஆண்டிச்சாமி வீடு. அவர் மகன் செல்லப்பாண்டி புத்தகத்தையும் பூண்டையும் நீட்டியபோது, பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தது என்று நினைத்து, எல்லார் முன்னாலும் வாங்கி மோந்து பார்த்து, "அடேயப்பா, என்ன வாசம்!" என்று சொல்லவும் செய்தாள். அந்த நிமிஷமே புத்தகத்துக்கு விலை வைத்தாகிவிட்டது. வைத்தவள் அவள்தான்.

"இனிமே யாரும் ஒண்ணும் தர வேணாம்க்கா. சும்மாவே அனுப்புங்க."

காளியாயியின் முகம் மாறிவிட்டது. "ஏன், ஆண்டிச்சாமி வீட்டுப் பூண்டு மட்டுந்தான் மணக்குமா? எங்க வீட்டுப் பூண்டு டீச்சரம்மாவுக்கு நாறுமாக்கும்?"

சண்முகசுந்தரி காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை சேனாதிபதி ஒரு வழி சொன்னார். வீடு வீடாகப் போய், அதிகாரி வருகிறார் என்று பயமுறுத்தி வாங்கிவிட வேண்டியதுதான். நடக்கக்கூடிய காரியம். பயந்து கொடுத்துவிடுவார்கள், திங்கட்கிழமை அலமாரி நிறைந்திருக்கும். ஆனால் வெறுங்கையோடு திருப்பிக் கொடுத்த வீடு, அந்த வெட்கத்தில் மறுபடி ஒரு புத்தகத்தைத் தொடாது. பெட்டி ஊரில் இருக்கும், அலமாரியில் பூட்டு தொங்கும். அதற்கு அது அடிவாரத்துக்கே போகலாம். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து, கால் போன போக்கில் வயல் பக்கம் நடந்தாள். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய பாத்திகள். அதில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை. மேல்படியில் காளியாயி, கீழ்ப்படியில் முருகம்மாள்.

"ஏண்டி காளி, ஓடைய ஒங்கப்பன் வெட்டுனானா? எம்முறை வந்து எம்புட்டு நேரமாச்சு! மடைய அடச்சு வச்சுக்கிட்டு நிக்கிற!"

"கடேசிப் பாத்தி நனையட்டும்டி! ஒரு பாத்தி நனையிற வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"ஒனக்குக் கடேசிப் பாத்தி, எனக்கு மொதப் பாத்தியே காஞ்சு கெடக்கு. வெரசாத் தொற. இல்ல, மம்பட்டியோட நான் மேல வருவேன்!"

சண்முகசுந்தரி நின்றுவிட்டாள். மழையில்லாத மாதங்களில் ஓடைத் தண்ணீர் முறை வைத்து வரும். ஒருத்தர் வயலில் பாய்ந்ததும் மண்ணை வெட்டி மடையைத் திறந்து அடுத்தவருக்கு விட வேண்டும். எல்லாப் பாத்தியும் ஒரே தண்ணீரில்தான் விளைகிறது, தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதால். மேலே ஒருத்தர் அடைத்து வைத்துக்கொண்டால், அவருக்குப் பாத்தி அழுகும், கீழே இருப்பவருக்குக் காயும். அலமாரியும் அப்படித்தானே காய்ந்து கிடக்கிறது?

காளியாயி முணுமுணுத்துக்கொண்டே மண்ணை வெட்டிவிட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று கீழே இறங்கியது. அவ்வளவுதான். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

சண்முகசுந்தரி வரப்பில் ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். "காளியாயிக்கா! இப்பத் தண்ணி விட்டீங்களே, கூட என்ன மேல்பிடி வச்சீங்க?"

இரண்டு பேரும் சண்டையை மறந்து அவளைப் பார்த்தார்கள். முருகம்மாள் சிரித்துவிட்டாள். "டீச்சரம்மாவுக்குப் பனி தலைக்கேறிருச்சு. தண்ணிக்கு எவளாச்சும் மேல்பிடி வைப்பாளா? முறை முடிஞ்சா விட வேண்டியதுதான்."

"வச்சுக் குடுத்தா வாங்கிக்கிடுவீங்களா?"

"எதுக்கு வாங்கணும்? அது என்ன அவ வீட்டுத் தண்ணியா?"

"புத்தகமும் என் வீட்டுது இல்லக்கா. ஊருக்கு வந்தது. அதுக்கும் முறைதான். மேல்பிடி கெடையாது. நான் பூண்டு வாங்குனதுதான் தப்பு."

காளியாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப மூணு மாசமா நான் மடைய அடச்சு வச்சிருக்கேன்னு சொல்றீங்களா?"

அந்த ஊரில் ஒருத்தியைப் பார்த்து அதைவிடப் பெரிய சொல் சொல்ல முடியாது. ஆனால் முருகம்மாள் முந்திக்கொண்டாள். "ஆமாடி! எம்மக வடிவு அந்த ரயிலு பொஸ்தகத்த எப்பப் பாப்பம்னு அழுதுக்கிட்டுக் கெடக்கா. தண்ணியையும் அடைக்கிற, அதையும் அடைக்கிற!"

"ஒம்மக வச்சிருக்கிற பொஸ்தகத்த நீ மட்டும் தொறந்து விட்டியாக்கும்?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. "அது சரி டீச்சரம்மா, ஆண்டிச்சாமி வீட்டுப் பூண்டத் திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?" என்றாள் முருகம்மாள்.

"அது அந்த வாரமே குழம்புல போயிருச்சுக்கா."

இந்த விஷயம் தண்ணீரைவிட வேகமாக ஊரில் இறங்கியது. முறை தவறினவர் என்ற பேர் யாருக்கு வேண்டும்? பொழுது சாய்வதற்குள் பொட்டலம் பொட்டலமாகப் புத்தகங்கள் வந்துவிட்டன. யார் கையிலும் பூண்டு இல்லை. புத்தகங்களில்தான் இருந்தது அதன் வாசம், போதும் போதும் என்கிற அளவுக்கு.

திங்கட்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் குதிரையிலிருந்து இறங்கியபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அலமாரியைத் திறந்தார், முகர்ந்தார், முகம் சுளித்தார். "என்ன இது? மூணு மாசத்துல முப்பது வருஷப் புத்தகம் மாதிரி ஆயிருக்கு. ஓரமெல்லாம் புகை. இதுதான் பராமரிப்பா?"

சேனாதிபதி பையிலிருந்த பூட்டைத் தடவிக்கொண்டு, "பூட்டுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு சார்," என்றார்.

"படிச்சதால இப்படி ஆச்சு சார்," என்றாள் சண்முகசுந்தரி.

"படிச்சா கறுக்குமா? பெட்டியை அடிவாரத்துக்கே அனுப்பறது நல்லது. அங்கேயாவது..." சொல்லிக்கொண்டே கைக்கு வந்த ஒரு புத்தகத்தை உருவினார். ரயில் எஞ்சின் புத்தகம். எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத்தான் புரட்டினார். நடுப்பக்கத்தில் எஞ்சினைக் குறுக்காக வெட்டிக் காட்டிய படம் இருந்தது. அதைப் பார்த்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆவி எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று விரலால் தடவிக்கொண்டு போனார். பக்கத்தைத் திருப்பினார். சேனாதிபதி தொண்டையைச் செருமியது அவர் காதில் விழவில்லை.

சண்முகசுந்தரியால் உட்கார முடியவில்லை. சன்னலுக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து வடிவு எழுந்து வந்தாள். நேரே அதிகாரியின் முன்னால் நின்று, கையை நீட்டினாள்.

"சார், அது எம்முறை."

சேனாதிபதி, "ஏ புள்ள! போய் உக்காரு!" என்று பதறினார்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்னம்மா?"

"கண்மணி முறை முடிஞ்சிருச்சு. இப்ப எம்முறை. நீங்க அடச்சு வச்சிருக்கீங்க." தன் பெயர் எழுதிய அட்டையை அடையாளத்துக்குக் காட்டினாள். ஒரே ராத்திரியில் அதிலும் புகை வாசம் ஏறியிருந்தது.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. முடிச்சிட்டுத் தரேனே?"

"கடேசிப் பாத்தி நனையட்டும்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க," என்றாள் வடிவு. அம்மாவின் குரல் அப்படியே இருந்தது.

பின்வரிசையில் கண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார். படித்த பக்கத்தை ஒரு தரம் ஆசையாகப் பார்த்துவிட்டு, மூடி அவள் கையில் கொடுத்தார்.

"அப்ப என் முறை எப்போ?"

வடிவு விரல் விட்டு எண்ணினாள். "எனக்கப்புறம் செல்லப்பாண்டி. அவனுக்கப்புறம் மணியன். அப்புறம் நீங்க. ஆனா நீங்க இந்த ஊர்ல இருக்கணும்ல?"

"வருவேன்," என்றார் அவர். பிறகு சேனாதிபதியிடம் திரும்பி, "பெட்டி எங்கேயும் போக வேண்டாம். என்னோட முறை வர்றதுக்குள்ள அது வேற ஊருக்குப் போயிடக் கூடாது," என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே குதிரையைப் பார்க்கக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் பிள்ளைகள் அலமாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். சண்முகசுந்தரி அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள். இன்னொரு அட்டை வெட்டி, அதில் அதிகாரியின் பெயரை எழுத வேண்டியிருந்தது.