ஏழு நாள் வெயில்

ஆனந்தராஜாவின் இடக் கன்னத்துக்குப் பவுடர் பூசி முடித்த ரஜனி வலக் கன்னத்துக்குத் தாவியபோது, "கொஞ்சம் பொறும் பிள்ளை" என்றாள் அவர் மனைவி தவநாயகி.

ரஜனியின் கை அந்தரத்தில் நின்றது. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள அந்த மரணச்சடங்கு மண்டபத்தில் பிரேதங்களுக்கு முகம் திருத்துவது அவள் வேலை. எத்தனையோ முகம் கண்டவள் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. முகம் முழுக்கத் தோசைக்கல் கறுப்பு. கண்களைச் சுற்றி மட்டும் வெளிறிய இரண்டு பெரிய வட்டம், வெயில் கண்ணாடி இருந்த இடம். மூக்கு நுனி உரிந்திருந்தது.

அரை மணி நேரத்தில் சனம் வரும். தவநாயகியின் தமையன் வாசுதேவனுக்கு அதுதான் கவலை.

"தங்கச்சி, மச்சானை இப்பிடியே வைச்சால் சனம் சிரிக்கும். பெட்டிக்குள்ள கிடக்கிற மனிசனைப் பாத்துச் சிரிக்க விடுறதே?"

தவநாயகி புருசனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்து, முப்பத்தொரு வருசம் அதை ஒருநாளும் பூட்டாத மனிசன். லண்டனே பனியில் புதைந்து பஸ்ஸும் ரயிலும் படுத்துக்கிடந்த நாளிலும் இவர் தனியே நின்று வெண்டிக்காய் அடுக்கினார். அப்படிப்பட்டவரை மகள் ஆரணி பிடித்து, இந்த ஆகஸ்ட்டில் கிரேக்கத்துக் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்குத் தாயோடு ஏழு நாள் ஏற்றி அனுப்பிவிட்டாள். ஷட்டர் இறங்கியதைக் கண்ட தெருச்சனத்தில் பாதி, கடைக்காரர் செத்துப்போனார் என்றே முடிவுகட்டிவிட்டது.

முதல் நாள் சப்பாத்தும் நீளக் காற்சட்டையுமாய், கல்லாவில் இருப்பதுபோல் குடையின் கீழ் இருந்தார். வெள்ளை வீடுகளும் பொரித்த கணவாய் மணமும் அவரை அசைக்கவில்லை. இரண்டாம் நாள் சப்பாத்தைக் கழற்றினார். மூன்றாம் நாள் கடலில் இறங்கியவர், பிறகு சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் மட்டுமே கரையேறினார். அவர் இறங்கியதில் மத்தியதரைக் கடல் ஓரங்குலம் உயர்ந்தது என்று தவநாயகி சத்தியம் பண்ணுவாள். கிறீம் பூசச் சொன்னால், யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்த தோலுக்குக் கிறீமா என்று கேட்டுவிட்டு, கண்ணாடியும் தானுமாய் மணலில் மல்லாந்துவிடுவார்.

திரும்பி வந்த சனிக்கிழமை பின்னேரம், முகத்தைக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை கடையைத் திறக்கட்டும், தவம். வாற ஒருத்தரையும் இதைக் காட்டாமல் விடமாட்டன்."

ஞாயிறு காலை, தேத்தண்ணி ஆறுமுன் நெஞ்சு நின்றுவிட்டது.

தவநாயகி கைக்குட்டையை நனைத்தாள்.

"அண்ணை, இந்த மனிசன் ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டது இது ஒண்டுதான். மூடி அனுப்ப என்னால ஏலாது."

பவுடர் முழுக்கக் கைக்குட்டைக்கு வந்தது. வாசுதேவன் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

கதவு திறந்ததும் முதல் ஆளாக, கடையின் பழைய வாடிக்கைக்காரி துசியந்தி பெருங்குரலில் அழுதபடி வந்து பெட்டியைப் பிடித்தாள். குனிந்து பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணை எங்கையக்கா போனவர்?"

தவநாயகி சொன்னாள். அடுத்து வந்தவருக்கும் சொன்னாள். ஐந்தாவது ஆளிடம் போகையில் ஏழு நாள் பத்து நாளாகி, ஆனந்தராஜா நீந்தியே அக்கரைக்குப் போய் ஒரு கோப்பி குடித்துத் திரும்பியிருந்தார். வரிசை நகர மறுத்து வாசலைத் தாண்டி பஸ் தரிப்பு வரை நீண்டது. பார்த்துவிட்டு வந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே, நிற்பவர்களுக்குக் கதையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரு ரோசாமாலை கொண்டுவந்தார்கள். ஆளைவிடப் பெரிய மாலை. போட்டதும் அது நாடியைத் தாண்டி மூக்கு வரை ஏறிக்கொண்டது.

வாசுதேவன் வரிசையை விலக்கிக்கொண்டு பெட்டியடிக்கு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மாலையை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு இறக்கிவிட்டு, கன்னத்தில் ஒட்டியிருந்த இதழொன்றை விரல் நுனியால் எடுத்தார்.