காக்காப்பொன் படிந்த பாறை

பிறையன் பாறையேறும்போது விழுந்து இறந்து பதினொரு மாதம் கழித்து, அவன் மனைவி ஷிராணி அந்தப் பாறையைப் பார்க்க ஹுன்னஸ்கிரியவுக்குப் போனாள். அங்கே மறுபடி ஆட்களை ஏறவிடலாமா என்று ஆராயப் புவிச்சரிதவியல் விரிவுரையாளர் ஹிதாயா வந்திருந்தாள். தானும் வருவதாக ஷிராணிதான் கேட்டுக்கொண்டாள்.

அன்று கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தவன் அரூஸ், பிறையனின் பள்ளித் தோழன். மரண விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள். ஷிராணி நம்பவில்லை. அம்பிட்டிய வீட்டில், சவப்பெட்டிக்கு முன்னால், எல்லார் காதிலும் விழும்படி கத்தினாள்: "நீ கைய விட்டதாலதான் அவர் செத்தாரு!" அரூஸ் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை.

பாறையடியில் மேசையளவு கற்பாளம் ஒன்று உடைந்து கிடந்தது. கயிறு மாட்டும் இரும்பு வளையம் அதில் இன்னும் இறுகியே இருந்தது. ஹிதாயா அதன் பின்பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கறுப்பாக மினுங்கியது.

"இது நைஸ்னு சொல்ற ஒரு வகைப் பாறை, மிஸ். படை படையா இருக்கும். நடுவுல மினுங்கிறது காக்காப்பொன், மைக்கான்னு சொல்றது. வருசக்கணக்கா மழைத்தண்ணி எறங்கி பிடிப்பு விட்டுப் போயிருக்கு. வெளிய பாத்தா தெரியாது."

ஷிராணி நகத்தால் சுரண்டினாள். செதில் செதிலாக உதிர்ந்தது.

"கீழ நின்னவர் இன்னும் இறுக்கிப் புடிச்சிருந்தா?"

"கயிறு தொங்கினதே இந்த வளையத்துலதான். அதோட சேத்துப் பாறையே கழண்டிருக்கு. யாரு புடிச்சிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க ஏலாது."

அங்கிருந்து நேரே கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினாள். அவளைக் கண்டதும் அரூஸ் தன் பெயின்ற் கடையில் பதறி எழுந்தான்.

"பாறைதான் கழண்டிருக்கு, அரூஸ். உங்க மேல தப்பில்ல. நான் அன்னைக்குப் பேசினத மன்னிச்சிருங்க."

அவன் தலை குனிந்தான். "எனக்கு அண்டைக்கே தெரியும், தங்கச்சி. வளையம் பாறையோட என் கண் முன்னாலதான் வந்து விழுந்திச்சு."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"என்னை ஏசினா உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்னு நெனச்சேன்."

ஷிராணி அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் காலையில் எழுந்ததும் அவளுக்கு அரூஸின் முகம்தான் ஞாபகம் வரும். அந்தக் கோபத்தோடேயே பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவாள். இனி கோபப்பட ஒருவரும் இல்லை. அடக்கத்தன்று வராத அழுகை இப்போது வந்தது. பிறையனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அரூஸ் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு, பெயின்ற் வாளிகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து அவனும் அழுதான்.